அக்சஸ் ஃபைலைக் கைமாற்றும் முன் நான் போடும் பூட்டுகள்

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் கருவியான அக்சஸில் ஒரு மென்பொருள் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுப்பது, துணி வாங்க வந்தவரிடம் தறியையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது மாதிரி. ஃபார்ம், ரிப்போர்ட், தரவைத் தேடி எடுக்கும் குவெரி, பின்னால் ஓடும் விபிஏ மொழிக் கோடு (நிரல்), தரவு உட்கார்ந்திருக்கும் டேபிள் எல்லாம் ஒரே ஃபைலுக்குள். அதைத் திறக்க உதவும் அதே அக்சஸ்தான் அதைப் பிரித்து மேயவும் உதவும். வேறு மொழியில் எழுதினால் எக்ஸ்இ ஃபைல் மட்டும் வெளியே போகும், சோர்ஸ், அதாவது நாம் எழுதிய மூல நிரல், நம் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். இங்கே அப்படித் தானாக எதுவும் தங்காது. நாம்தான் தங்க வைக்க வேண்டும்.

நான் பல்லடத்தில் வீட்டிலிருந்தபடி, திருப்பூர் பக்கத்துச் சின்ன யூனிட்டுகளுக்கு இந்த மாதிரி மென்பொருள்கள் எழுதிக் கொடுக்கிறேன். "இன்னுமா அக்சஸ்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கணக்கு பார்க்க ஒரு தம்பி, டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போட ஒரு பொண்ணு. இந்த அளவு ஆபீசுக்கு அக்சஸ் இன்றைக்கும் போதும். கேட்கவேண்டிய கேள்வி வேறு. கொடுத்த பிறகு அந்த ஃபைல் கொடுத்த மாதிரியே இருக்குமா?

யார் மாற்றுகிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். கோடைத் திருடி விற்கிற ஆள் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முழுக்க ஜாப் ஒர்க். பார்ட்டி நூல் அனுப்புவார், இவர்கள் அதைத் துணியாக ஓட்டி ரோல் ரோலாகத் திருப்பி அனுப்புவார்கள், கூலி கிலோ கணக்கு. வந்த நூல், போன துணி, மீதிக் கோன் (நூல் சுற்றிய கூம்பு), வேஸ்ட் இந்த நான்கும் ஒவ்வொரு பார்ட்டிக்கும் நேராக வேண்டும். அவர்கள் வைத்திருந்த அக்சஸ் மென்பொருளை எழுதியவர் வேறொருவர், ஊரை விட்டே போய்விட்டார். அதில் வேஸ்ட் எழுத இடமே இல்லை.

500 கிலோ நூல் வந்திருக்கிறது. 489 கிலோ துணி போயிருக்கிறது. 6 கிலோ கோனாகவே திரும்பப் போயிருக்கிறது. மீதி 5 கிலோ பஞ்சாகப் பறந்தும், ஊசி உடைந்து வெட்டி எறிந்த துணியாகவும் போய்விட்டது. ஸ்கிரீனில் மட்டும் அந்த 5 கிலோ "பேலன்ஸ்" என்று நின்றுகொண்டே இருக்கிறது. கணக்கு பார்க்கும் தம்பி என்ன செய்தார்? எஃப் 11 தட்டினார். இடது பக்கம் டேபிள்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நூல் வரவு டேபிளைத் திறந்து 500 என்பதை 495 ஆக்கினார். பேலன்ஸ் பூஜ்யம். அவருக்கு நிம்மதி.

பார்ட்டியின் ஆள் தன் டிசியோடு வந்தபோதுதான் பஞ்சாயத்து. காகிதத்தில் 500, கம்ப்யூட்டரில் 495. ஓனர் என்னைக் கூப்பிட்டனுப்பியது அதற்குப் பிறகு. "அம்மிணி, ஆளு பொய் சொன்னா சத்தம் போடலாம். கம்ப்யூட்டரே பொய் சொன்னா நான் யாரைக் கேக்கறது? இதை யாரும் தொட முடியாத மாதிரி பூட்டிக் குடுங்க" என்றார். தம்பி தலையைக் குனிந்து நின்றார். அவர் ஒரு பைசா திருடவில்லை.

பூட்டுவதற்கு முன் நான் செய்தது, வேஸ்ட் பதிய ஒரு ஃபார்ம். எத்தனை கிலோ, என்ன காரணம், எந்த மெஷின். வழி விடாமல் பூட்டினால் அந்தத் தம்பி பக்கத்தில் ஒரு எக்செல் ஷீட் திறந்து வைத்துக்கொள்வார். ஆறு மாதத்தில் உண்மையான கணக்கு அங்கேதான் இருக்கும், நம் மென்பொருள் டிசி அச்சடிக்கும் மெஷினாகிவிடும். யாராவது டேபிளைத் திறந்து கை வைத்திருக்கிறார் என்று தெரிந்தால், அவர் அங்கே என்ன தேடிப் போனார் என்பதை முதலில் கேட்டுவிடுவேன். பாதிப் பூட்டு அங்கேயே தேவையில்லாமல் போகும்.

மீதிப் பாதிக்கு வருவோம்.

முதல் வேலை ஃபைலை இரண்டாகப் பிரிப்பது. டேபிள்கள் மட்டும் ஒரு ஃபைலில், அது பேக் எண்ட். ஃபார்ம், ரிப்போர்ட், குவெரி, கோடு இன்னொன்றில், அது ஃபிரண்ட் எண்ட். டேட்டாபேஸ் டூல்ஸ் பகுதியில் இதற்கென்றே ஒரு விஸார்டு இருக்கிறது, நிமிட வேலை. பேக் எண்ட் ஆபீஸில் எப்போதும் ஓடும் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரில் இருக்கும். ஃபிரண்ட் எண்ட் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனிக் காப்பியாக இருக்க வேண்டும். எல்லாரும் சர்வரில் உள்ள ஒரே ஃபிரண்ட் எண்டைத் திறப்பது பல ஆபீஸ்களில் நடக்கிறது. ஃபைல் கெட்டுப்போக அதைவிட நல்ல வழி ஒன்றுதான் உண்டு, வைஃபையில் பேக் எண்டைத் திறப்பது. நெட்வொர்க் நடுவில் ஒரு நொடி அறுந்தாலும் போச்சு. ஓனர் லேப்டாப் உட்பட எல்லாவற்றுக்கும் கேபிள் இழுக்கச் சொல்லிவிடுவேன்.

பிரித்த பிறகுதான் மற்ற பூட்டுகளுக்கே அர்த்தம் வரும். ஃபிரண்ட் எண்டை எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். யாராவது அதில் எதையாவது கலைத்தாலும் அவர் கம்ப்யூட்டரோடு போகும். நான் புது வெர்ஷன் கொடுக்கும்போது தரவைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது ஏசிசிடிஇ. ஃபைல் மெனுவில் சேவ் அஸ் போய் "மேக் ஏசிசிடிஇ" கொடுத்தால், அக்சஸ் விபிஏ முழுவதையும் கம்பைல் செய்து, நாம் எழுதிய சோர்ஸை நீக்கிவிட்டு ஒரு புது ஃபைல் தரும். அதில் ஃபார்மையும் ரிப்போர்ட்டையும் டிசைன் வியூவில் திறக்க முடியாது. மாட்யூலைப் பார்க்க முடியாது. இன்னொரு டேட்டாபேஸுக்கு அவற்றை இம்போர்ட் செய்யவும் முடியாது. 2003 வரை இதற்கு எம்டிஇ என்று பெயர், 2007இல் அக்சஸுக்கு ஏசிசிடிபி என்ற புது ஃபைல் வகை வந்தபோது ஏசிசிடிஇ ஆனது. விபிஏ ப்ராஜெக்டுக்கு பாஸ்வேர்டு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அதை உடைக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சோர்ஸே ஃபைலில் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒன்றை மட்டும் பலர் கவனிப்பதில்லை. ஏசிசிடிஇ டேபிளையும் குவெரியையும் மேக்ரோவையும் பூட்டுவதில்லை. ஏசிசிடிஇ கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறவரின் வாடிக்கையாளர், குவெரியை டிசைன் வியூவில் திறந்து ஒரு நிபந்தனையைத் தூக்கிவிட்டு சேவ் செய்யலாம். பேக் எண்ட் தரவை ஃபிரண்ட் எண்டில் காட்டும் லிங்க் டேபிளைத் திறந்து 500ஐ 495 ஆக்கலாம். அந்தத் தம்பியின் வேலையை ஏசிசிடிஇ கொஞ்சமும் தடுத்திருக்காது. முக்கியமான குவெரிகளை நான் தனியாகச் சேமிப்பதில்லை, தரவைக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லாக ஃபார்மின் கோடுக்குள்ளேயே எழுதிவிடுகிறேன். கோடோடு சேர்ந்து அதுவும் உள்ளே போய்விடும்.

32 பிட், 64 பிட் தொல்லையும் இதோடு ஒட்டிப் பிறந்தது. 32 பிட் அக்சஸில் செய்த ஏசிசிடிஇ 64 பிட்டில் திறக்காது, அங்கே செய்தது இங்கே திறக்காது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பழைய 32 பிட் இருக்கும். ஓனர் புது லேப்டாப் வாங்கியிருப்பார். ஆபீஸ் 2019 முதல் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 64 பிட்தான் இன்ஸ்டால் ஆகும். ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வரும், "அம்மிணி, என்ற லேப்டாப்ல மட்டும் ஏதோ இங்கிலீஸ்ல திட்டுது". ஆகவே அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அக்சஸ் எந்த வெர்ஷன், எத்தனை பிட் என்று குறித்துக்கொள்கிறேன். இரண்டும் கலந்திருந்தால் இரண்டு ஏசிசிடிஇ செய்வேன். அதற்கு என் கோடும் இரண்டிலும் கம்பைல் ஆக வேண்டும். விண்டோஸின் உள் வசதிகளை (ஏபிஐ) அழைக்கும் டிக்ளேர் வரிகளில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். எக்செல், அவுட்லுக் போன்றவற்றை ரெஃபரன்ஸ் கொடுத்து இணைக்காமல் கிரியேட் ஆப்ஜெக்ட் மூலம் அழைப்பதே நல்லது. அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த ரெஃபரன்ஸ் காணாமல் போனால் ஏசிசிடிஇக்குள் போய் நாம் எதையும் சரிசெய்ய முடியாது. வெர்ஷன் விஷயத்தில், ஆபீஸில் இருப்பதிலேயே பழைய அக்சஸ் எதுவோ அதில் செய்வதுதான் பாதுகாப்பு.

மூல ஏசிசிடிபி ஃபைல் உங்களிடம் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைப்போம். ஆனால் "ஏசிசிடிஇ மட்டும்தான் இருக்கு, அதைத் திரும்ப மாத்த முடியுமா?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இனி எஃப் 11. ஆப்ஷன்ஸில் கரண்ட் டேட்டாபேஸ் பகுதிக்குப் போனால் சின்னச் சின்ன டிக் பெட்டிகள் இருக்கும். திறந்ததும் வரவேண்டிய ஃபார்ம் எது என்று சொல்லலாம். டேபிள்கள் வரிசையாக நிற்கும் அந்த இடது பக்கப் பட்டியலை, அதாவது நேவிகேஷன் பேனை மறைக்கலாம். முழு மெனு வேண்டாம், வலது கிளிக் மெனு வேண்டாம் என்று சொல்லலாம். "யூஸ் அக்சஸ் ஸ்பெஷல் கீஸ்" என்பதை எடுத்துவிட்டால் எஃப் 11, கோடு விண்டோவைத் திறக்கும் ஆல்ட் எஃப் 11, இம்மீடியட் விண்டோவுக்கான கண்ட்ரோல் ஜி எல்லாம் செத்துவிடும். ரிப்பனை முழுவதும் நம் இஷ்டத்துக்கு அமைக்க வேண்டுமென்றால் யுசிஸ்ரிப்பன்ஸ் என்ற பெயரில் ஒரு டேபிள் வைத்து அதில் எக்ஸ்எம்எல் எழுதலாம். அது தனிப் பதிவுக்கான சங்கதி.

இத்தனையும் செய்து முடித்துவிட்டு, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஃபைலைத் திறந்து பாருங்கள். ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் திறந்து நிற்கும். ஸ்டார்ட்அப் ஏற்பாடுகளை எல்லாம் தாண்டிப் போவதற்கு அக்சஸே வைத்திருக்கும் பின்வாசல் அது. அதை மூட அலவ்பைபாஸ்கீ என்ற ப்ராபர்ட்டியை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். ஆப்ஷன்ஸில் இதற்குப் பெட்டி கிடையாது. புது டேட்டாபேஸில் அந்த ப்ராபர்ட்டியே கிடையாது. கோடில் கிரியேட் ப்ராபர்ட்டி கொடுத்து உருவாக்கி, அப்பெண்ட் செய்ய வேண்டும். நேரடியாக மதிப்பு கொடுக்கப் போனால் 3270 என்று பிழை வரும், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அர்த்தம். அந்தப் பிழை வந்தால் உருவாக்கு, வராவிட்டால் மாற்று என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும். ஃபைலை மூடித் திறந்த பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும்.

நமக்கு நாமே திரும்ப உள்ளே போக வழி? லோகோவின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி ஒளித்து வைப்பது பலரின் பழக்கம். எனக்கு அது பிடிக்காது. டிசி போடும் பொண்ணு போரடித்தால் எதை வேண்டுமானாலும் கிளிக் செய்து பார்ப்பாள். என் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு குட்டி அக்சஸ் ஃபைல் வைத்திருக்கிறேன். எந்த ஃபைல் என்று காட்டினால், அதை அக்சஸ் ஃபைல்களைக் கோடு மூலம் திறக்கும் டிஏஓ வழியாகத் திறந்து ஷிஃப்ட் பூட்டை எடுக்கும், போடும்.

நான் செய்வதை வேறு யாரும் செய்யலாம் என்பதுதான் இதிலுள்ள உண்மை. ஒரு காலி டேட்டாபேஸைத் திறந்து பத்து வரி கோடு எழுதத் தெரிந்த எவரும் என் ஷிஃப்ட் பூட்டைத் திறந்துவிடலாம். இணையத்தில் அந்தப் பத்து வரி அப்படியே கிடைக்கிறது. அதற்காகப் போடாமல் விடமாட்டேன். இந்தப் பூட்டுகள் எல்லாம் கை தவறுகிறவர்களுக்கும், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்கிறவர்களுக்கும். ஆபீஸில் அவர்கள்தான் பெரும்பான்மை.

இதே வகையில் ஏசிசிடிஆர். ஏசிசிடிஇ ஃபைலின் வால் பெயரை ஏசிசிடிஆர் என்று மாற்றினால், முழு அக்சஸ் இருக்கும் கம்ப்யூட்டரிலும் அது ரன்டைம் (ஓட்ட மட்டும் உதவும் அக்சஸ்) மாதிரித் திறக்கும். நேவிகேஷன் பேன் கிடையாது, டிசைன் மெனு கிடையாது. பெயரைத் திருப்பி மாற்றினால் பழையபடி ஆகிவிடும், ஆனால் அந்த ஐந்து எழுத்தைப் பற்றித் தெரிந்தவர் எத்தனை பேர்? முழு அக்சஸ் இல்லாத கம்ப்யூட்டருக்கு மைக்ரோசாஃப்ட் தரும் அக்சஸ் ரன்டைமே போதும், காசில்லை. டிசி போடும் இடத்தில் அதுதான் என் முதல் தேர்வு. டிசைன் செய்யும் வசதியே அங்கே இன்ஸ்டால் ஆகாது. ஏற்கெனவே இருக்கும் ஆபீஸ் எத்தனை பிட்டோ ரன்டைமும் அத்தனை பிட்டாக இருக்க வேண்டும்.

ரன்டைமில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது பிழை கையாளுதல். முழு அக்சஸில் கோடு தடுக்கி விழுந்தால் ஒரு பெட்டி வரும், டீபக், எண்ட் என்று. ரன்டைமில் ஒரே ஒரு செய்தி, உடனே மென்பொருள் முழுவதும் மூடிக்கொள்ளும். பாதி அடித்த டிசி போயே போச்சு. ஒவ்வொரு ப்ரொசீஜரிலும் ஆன் எரர் வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். என் பழக்கம், பிழை எண், எந்த ஃபார்ம், எந்த நேரம் என்று ஒரு டேபிளில் எழுதிவிட்டு, பயனருக்குத் தமிழில் ஒரு வரி காட்டுவது. "அக்கா, ஏதோ வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன்" என்கிற தகவலை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இதுவரை சொன்னது எல்லாம் ஃபிரண்ட் எண்ட். அந்த 500 கிலோ கிடப்பது பேக் எண்டில். நான் பார்த்தவரை அக்சஸ் எழுதுகிறவர்கள் முன்பக்கத்தைப் பூட்டப் பத்து வித்தை கற்று வைத்திருக்கிறார்கள். ஷேர் ஃபோல்டரில் ஒரு ஃபைல் திறந்து கிடப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அக்சஸில் ஒரு ஆளுக்கு ஒரு உரிமை என்ற ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது. எம்டிடபிள்யூ என்ற வொர்க்குரூப் ஃபைலில் பயனர், குழு எல்லாம் வைத்து, இந்த டேபிளை இவர் பார்க்கலாம், இவர் மாற்றலாம் என்று சொல்லலாம். 2007இல் வந்த ஏசிசிடிபி ஃபைல் வகையில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். அதையும் உடைக்கக் கருவிகள் இருந்தன என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது கையில் உள்ளது ஒரே பாஸ்வேர்டு, ஃபைல் முழுவதற்கும். எக்ஸ்க்ளூசிவாக, அதாவது வேறு யாரும் திறக்காதபடி திறந்து "என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு" கொடுக்க வேண்டும். 2003 வரை இருந்த பழைய எம்டிபி ஃபைலின் பாஸ்வேர்டு வெறும் கண்துடைப்பு. 2010க்குப் பிறகான ஏசிசிடிபியில் உண்மையான என்க்ரிப்ஷன் நடக்கிறது, ஏஇஎஸ். நீளமான பாஸ்வேர்டாக இருந்தால் சுலபத்தில் உடையாது. கொடுத்ததும் ரோ லெவல் லாக்கிங் (ஒருவர் திருத்தும் வரியை மட்டும் பூட்டுவது) வேலை செய்யாது என்று ஒரு எச்சரிக்கை வரும். நம் அளவு ஆபீசுக்கு அது ஒரு பொருட்டில்லை, ஓகே கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஏன் இது அவசியம்? அக்சஸ் பேக் எண்டைப் பயன்படுத்த ஒருவருக்கு அந்த ஃபோல்டரில் எழுதும், அழிக்கும் உரிமை வேண்டும். எல்ஏசிசிடிபி என்ற பூட்டு ஃபைலை உருவாக்குவதும் நீக்குவதும் அவர் கணக்கில்தான் நடக்கும். ஆக, டிசி போடும் உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த ஃபைலை பென் டிரைவில் காப்பி எடுக்கும் உரிமையும் இருக்கிறது. விண்டோஸ் பர்மிஷனில் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் இதை மாற்ற முடியாது. எடுத்துப்போனாலும் திறக்க முடியாதபடி செய்வதுதான் வழி.

அதிலும் ஒரு ஓட்டை. ஃபிரண்ட் எண்டில் டேபிளை லிங்க் செய்யும்போது பேக் எண்ட் பாஸ்வேர்டைக் கேட்டு, அதை எம்சிஸ் ஆப்ஜெக்ட்ஸ் என்ற சிஸ்டம் டேபிளில் அப்படியே எழுத்து எழுத்தாக எழுதி வைக்கிறது அக்சஸ். மறைவு எதுவும் இல்லை. சிஸ்டம் ஆப்ஜெக்ட்களைக் காட்டு என்று ஒரு டிக் போட்டால் கனெக்ட் என்ற நெடுவரிசையில் படித்துவிடலாம். ஆகவே மென்பொருள் திறக்கும்போது கோடு மூலம் லிங்க் செய்து, மூடும்போது லிங்கை அழித்துவிடுகிறேன். கோடில் பாஸ்வேர்டை ஒரே சொல்லாக எழுதுவதில்லை, துண்டு துண்டாக்கிக் கணக்குப் போட்டு ஒட்டவைக்கிறேன். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கத் தெரிந்தவர் பார்க்கலாம்தான். அவ்வளவு தூரம் வருகிறவருக்கு அக்சஸ் போதாது, மைக்ரோசாஃப்டின் பெரிய டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்புக்குப் போய்விட வேண்டும். அங்கே ஆளுக்கொரு லாகின், டேபிளுக்கொரு உரிமை, நேர்மையான பாதுகாப்பு. அதற்கும் காசில்லை. ஆனால் பேக்கப் எடுக்கவும் பராமரிக்கவும் ஒரு ஆள் வேண்டும். அது எல்லா யூனிட்டிலும் நடக்காது.

பாஸ்வேர்டு போட்டதில் இன்னொரு நிம்மதியும் கிடைத்தது. யாராவது எக்செல்லில் டேட்டா மெனு வழியாக அக்சஸ் டேபிளை இழுத்தால், எக்செல் வழக்கமாகப் போடும் கனெக்ஷன் வரியில் "ஷேர் டினை ரைட்" என்று இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேறு யாரும் எழுதக்கூடாது என்று பொருள். ஓனரின் மகன் எக்செல்லைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், இங்கே டிசி சேவ் ஆகாது, காரணமும் புரியாது. பாஸ்வேர்டு தெரியாமல் இனி அப்படி இழுக்க முடியாது. அவர்களுக்குத் தரவு எக்செல்லில் வேண்டும் என்றால் நானே ஒரு பட்டன் வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

இனி நான் ரொம்ப நம்புவது. இது பூட்டே கிடையாது, டேபிளுக்குள்ளேயே உட்காரும் காவல். 2010 முதல் அக்சஸ் டேபிள்களில் டேட்டா மேக்ரோ என்று ஒன்று உண்டு. ஃபார்ம் வழியாக வந்தாலும், டேபிளை நேரே திறந்து மாற்றினாலும், வேறொரு அக்சஸ் ஃபைலில் இருந்து லிங்க் செய்து மாற்றினாலும் அது ஓடும். ஏனென்றால் அதை ஓட்டுவது ஃபார்ம் கிடையாது, தரவைப் பிடித்திருக்கும் எஞ்சின்.

நூல் வரவு டேபிளில் "பிஃபோர் சேஞ்ச்" என்ற இடத்தில் ஒரு நிபந்தனை வைத்தேன். அந்த வரவுக்கு பில் போட்டாகிவிட்டது என்று குறி இருந்து, யாராவது எடையை மாற்றினால் ரெய்ஸ் எரர், "பில் முடிந்த டிசியின் எடையை மாற்ற முடியாது". "பிஃபோர் டெலீட்"டிலும் அதேதான். பில் போடாதவற்றுக்கு "ஆஃப்டர் அப்டேட்"டில், எடை மாறியிருந்தால் பழைய எடை, புது எடை, தேதி, நேரம் எல்லாம் இன்னொரு டேபிளில் ஒரு வரியாக விழும். ஃபார்ம் வழியாக மாற்றினால் யார் மாற்றியது என்பதையும் ஃபார்ம் எழுதிவிடும். டேபிளை நேரே திறந்து மாற்றினால் ஆள் பெயர் வராது, மாறியது மட்டும் தெரியும். ஓனருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வாரம் ஒருமுறை அந்த டேபிளை ரிப்போர்ட்டாக எடுத்துப் பார்க்கிறார். "இதுல ஒண்ணும் இல்லீங்களே" என்று ஏமாற்றமாகக்கூடச் சொன்னார்.

இதோடு சேர்த்து டேபிள் அளவிலேயே சரிபார்ப்பு விதிகள். எடை பூஜ்யத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், பார்ட்டி இல்லாமல் டிசி கூடாது, டிசி உள்ள பார்ட்டியை அழிக்கக்கூடாது. இதையெல்லாம் ஃபார்மின் கோடில் எழுதுவது ஆடம்பரம். டேபிளிலும் ரிலேஷன்ஷிப்பிலும் எழுதினால் யார் எந்த வழியில் வந்தாலும் பொருந்தும்.

கடைசியாகக் கொண்டுபோய் வைக்கும் வேலை. சோதனைக்காக அடித்த "ஏபிசி டெக்ஸ்", "டெஸ்ட் பார்ட்டி" எல்லாவற்றையும் அழித்துவிட்டு காம்பாக்ட் (ஃபைலைச் சுருக்கிச் சீராக்குவது) கொடுத்தால் காலியான டேபிள்களின் ஆட்டோநம்பர், அதாவது தானாக ஏறும் எண், மறுபடி 1 முதல் தொடங்கும். ஆனால் டிசி எண்ணுக்கு ஆட்டோநம்பரை நம்பவே கூடாது. பாதியில் எஸ்கேப் தட்டினால் ஒரு எண் காணாமல் போகும், ஆடிட்டர் அது எங்கே என்று கேட்பார். டிசி எண்ணுக்குத் தனி டேபிள் வைத்து எண்ணுவதுதான் முறை.

ஃபைலை ஜிமெயிலில் அனுப்பி அவர்களே டவுன்லோடு செய்தால், இணையத்தில் இருந்து வந்தது என்று விண்டோஸ் ஒரு முத்திரை குத்தும். 2022இல் இருந்து அப்படி வந்த ஃபைல்களின் மேக்ரோவை ஆபீஸ் ஓடவிடுவதில்லை. ப்ராபர்ட்டீஸில் போய் அன்பிளாக் கொடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சி டிரைவில் ஒரு ஃபோல்டரை ட்ரஸ்டட் லொகேஷனாக (ஆபீஸ் நம்பும் இடமாக) ரெஜிஸ்ட்ரியில் பதிந்துவிட்டு ஃபிரண்ட் எண்டை அங்கே வைப்பேன். இன்னோ செட்டப் என்ற கருவியில் ஒரு இன்ஸ்டாலர் செய்துவிட்டால் ஃபைலை வைப்பது, ரெஜிஸ்ட்ரி, டெஸ்க்டாப் ஐகான் எல்லாம் ஒரே கிளிக். அக்சஸிலேயே இருந்த பேக்கேஜ் விஸார்டை 2013இல் எடுத்துவிட்டார்கள். ஐகான் நேரே ஃபைலைத் திறக்காது. ஒரு பேட்ச் ஃபைலைத் திறக்கும், அது சர்வரில் உள்ள புது ஃபிரண்ட் எண்டைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு அதைத் திறக்கும். யார் என்ன கலைத்தாலும் மறுநாள் காலை பழையபடி இருக்கும். இத்தனை பூட்டிலும் செலவு குறைந்தது இதுதான்.

சோர்ஸ் பற்றிய பேச்சு எப்போதும் பணம் கைமாறும் நேரத்தில்தான் வரும். "நீங்க நாளைக்குக் கோயமுத்தூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டீங்கன்னா?" என்று நிட்டிங் ஓனர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், முன்பு எழுதியவர் அப்படித்தானே போனார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத ஒருவர் எழுதிய மென்பொருளின் உரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை அவருடையதே. இது ஓனர்கள் பலருக்கும் தெரியாது, "காசு குடுத்தோம்ல, எங்களுது" என்பார்கள். சண்டை வேண்டாமென்று கொட்டேஷனிலேயே இரண்டு விலை போடுகிறேன். சோர்ஸ் இல்லாமல் ஒரு விலை, சோர்ஸோடும் எழுத்து மூலமான உரிமையோடும் இன்னொரு விலை. பேக் எண்ட் பாஸ்வேர்டு மட்டும் இரண்டிலும் உண்டு. தரவு அவர்களுடையது. அதைக் காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, ஓனர் கையில் நேராகக் கொடுப்பேன். அந்த ஓனர் இரண்டாவது விலையைத் தேர்ந்தெடுத்தார். மூல ஃபைலை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தபோது, "இதைத் தம்பிகிட்ட குடுத்து வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாங்க, பீரோவிலேயே இருக்கட்டும் என்றேன்.